ஆறு வாரம் வரை ஆணுமில்லை, பெண்ணுமில்லை!

சில மாதங்களுக்கு முன் ஒரு மாமியாரும் மருமகளும் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். மருமகளுக்கு நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். உட்கார்ந்ததுமே மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இது ஆம்பளப் புள்ள பொறக்கறதுக்கான சூரணமாம். தெரிஞ்சவங்க ஒருத்தர் வாங்கிக் குடுத்தாங்க. காலையில வெறும் வயித்துல, காளைக்கன்னு ஈன்ற பசும்பால்ல கலந்து மூணு நாள் குடுக்கணுமாம். நீங்க சித்த வைத்தியர். பார்த்துச் சொன்னீங்கன்னா தைரியமாக் குடுப்பேன்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். என்ன சரக்கு என்று மோந்தும் நாக்கில் வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பி மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "அம்மா, உங்க மருமக வயித்துல இருக்கறது ஆணா பெண்ணாங்கறது முடிவாகி ரொம்ப நாளாச்சு. விதை உண்டாக வேண்டியிருந்தா அது உண்டாகி, வேலையும் ஆரம்பிச்சிருக்கும். இனிமே எந்தச் சூரணம் போய் எதை மாத்தும்?"

"அப்படின்னா முன்னாடியே குடுத்திருக்கணுமோ?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

அன்றைக்கு அரை மணி நேரம் அவர்களிடம் பேசினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கருவில் விதை எப்படி உருவாகிறது, எந்தப் புரதம் எப்போது வந்து என்ன செய்கிறது என்ற விஷயம் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருமகளைத் திட்டுவதா, மருந்து வாங்குவதா, பிறந்த பையனை எப்போது டாக்டரிடம் காட்டுவது என்ற வீட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குறிப்பிடும் வாரக்கணக்கு கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவது. டாக்டர் சீட்டில் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள். அதனால் என் கணக்கோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு மேடுகள்

தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் பாதிக்கு எக்ஸ், பாதிக்கு ஒய். ஒய் வந்து சேர்ந்தால் ஆண், எக்ஸ் சேர்ந்தால் பெண் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஆனால் புத்தகம் அதோடு நிறுத்திவிடுகிறது. குரோமோசோம் முதல் நாளே முடிவாகிவிட்டாலும், உடம்புக்கு அந்தச் சேதி பல வாரங்கள் கழித்துத்தான் தெரிகிறது!

ஐந்தாவது வாரத்தில் கருவின் முதுகுப்புற உட்சுவரில், சிறுநீரகம் உருவாகும் இடத்தை ஒட்டி, இரண்டு சின்ன மேடுகள் எழுகின்றன. ஆண் கருவிலும் பெண் கருவிலும் அவை ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை பெரிய நிபுணர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த மேடு விதையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். பின்னாளில் விந்தணுவாகவோ முட்டையாகவோ ஆகப்போகும் செல்கள் அங்கே பிறப்பதில்லை. மஞ்சட்கருப் பையின் சுவரில் இருந்து கிளம்பி, குடலின் ஓரமாகவே ஊர்ந்து வந்து, இந்த மேட்டில் குடியேறுகின்றன. வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி. வீடு எந்த மாதிரி மாறுகிறதோ அந்த மாதிரி அவையும் மாறிக்கொள்ளும்.

மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கின்றன. கண்டு சொன்ன ஜெர்மானியர்களின் பெயரால் வுல்ஃப் குழாய், முல்லர் குழாய் என்பார்கள். முல்லர் குழாய் வளர்ந்தால் கருப்பையும் கருக்குழாயும் ஆகும். வுல்ஃப் குழாய் வளர்ந்தால் விந்து செல்லும் பாதை ஆகும். ஒவ்வொரு கருவிலும் இந்த இரண்டும் உண்டு. நீங்களும் நானும் ஒரு காலத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆயுர்வேதத்தில் சரகர், ஆண் குழந்தைக்கான 'பும்சவனம்' என்ற சடங்கைக் கருவின் பால் வெளிப்படுவதற்கு முன்பே செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நம் திருமந்திரத்தில் கருவுற்பத்திப் பகுதியில், மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண் என்று வருகிறது. என் துறையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கருவுக்குப் பால் வெளிப்படாத ஒரு காலம் உண்டு என்பதை நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே சொன்னார்களே, அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் காலத்தில் மருந்தோ சடங்கோ செய்து பாலை மாற்றலாம் என்ற நம்பிக்கை மட்டும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

கதவைத் திறக்கும் புரதம்

ஒய் குரோமோசோமில் ஏதோ ஒன்று இருந்து விதையை உண்டாக்குகிறது என்பது 1959-லேயே தெரிந்துவிட்டது. அது எது என்று தேடிக் கண்டுபிடிக்க இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. 1990-ல் லண்டனில் சின்க்ளேர், குட்ஃபெலோ, லவல்-பேட்ஜ் ஆகியோர் சேர்ந்த குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்து எஸ்.ஆர்.ஒய். என்று பெயர் வைத்தது. அது தயாரிக்கும் புரதம் ரொம்பச் சின்னது. மனிதனில் 204 அமினோ அமிலங்கள், அவ்வளவுதான்.

மறுவருஷமே, 1991-ல், அதே லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். சுண்டெலியின் கருமுட்டைகளில் அந்த மரபணு உள்ள துண்டைச் செலுத்தினார்கள். பெண்ணாகப் பிறக்க வேண்டிய, இரண்டு எக்ஸ் கொண்ட எலி ஆணாகப் பிறந்தது! விதை இருந்தது, பெண் எலிகளோடு ஆணாகவே நடந்துகொண்டது. ஆனால் விந்தணு உண்டாகவில்லை. விதையைக் கட்ட அந்த ஒரு மரபணு போதும், விந்தணு செய்ய ஒய் குரோமோசோமின் மற்ற பகுதிகளும் வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

மனிதக் கருவில் இந்த எஸ்.ஆர்.ஒய். புரதம் ஏறக்குறைய 41-ஆம் நாள் தலைகாட்டுகிறது. 44-ஆம் நாள் வாக்கில் உச்சத்தில் இருக்கிறது. அப்புறம் மளமளவென்று குறைந்துவிடும். சுண்டெலியில் இன்னும் அவசரம். பத்தரை நாளில் வந்து பன்னிரண்டரை நாளில் போய்விடும். அந்த எலியில் இப்புரதம் வேலையைத் தொடங்க வேண்டிய நேரம் ஓர் ஆறு மணி நேரம் தவறினாலே விதை சரியாக உருவாவதில்லை என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். முகூர்த்த நேரம் தவறிப்போன கல்யாணம் மாதிரி.

இந்தப் புரதம் தானாக எதையும் கட்டுவதில்லை. செல்லின் கருவுக்குள் போய் டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொண்டு, அதை வளைத்து, இன்னொரு மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. அந்த இன்னொன்றின் பெயர் சாக்ஸ்-9. உண்மையான மேஸ்திரி இதுதான். எஸ்.ஆர்.ஒய். கதவைத் திறந்துவிட்டுப் போய்விடும், சாக்ஸ்-9 உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது ஒருமுறை கிளம்பிவிட்டால் எஃப்.ஜி.எஃப்.-9 என்ற புரதத்தைத் தூண்டும். அந்தப் புரதம் திரும்பவும் சாக்ஸ்-9-ஐத் தூண்டும். இப்படி ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொள்வதால், கதவைத் திறந்தவர் போன பின்னும் வேலை நிற்பதில்லை.

சாக்ஸ்-9-ஐ எழுப்பும் ஸ்விட்ச் அந்த மரபணுவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது. 2018-ல் சுண்டெலியில் அந்தச் சின்ன ஸ்விட்சை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். ஒய் குரோமோசோம் முழுசாக இருந்தும் அந்த எலிகளுக்குச் சினைப்பைதான் உண்டாயிற்று. இத்தனை நுணுக்கமான பூட்டுக்கு ஒரு பொட்டலம் சூரணம் சாவி ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்!

ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் ஒருவகை முள்ளெலி இருக்கிறது. அதற்கு ஒய் குரோமோசோமே கிடையாது, எஸ்.ஆர்.ஒய். மரபணுவும் கிடையாது. இருந்தும் ஆண் எலிகள் பிறக்கின்றன. சாக்ஸ்-9-க்கு அருகே ஒரு பகுதி இரட்டிப்பாகி, கதவைத் திறக்கிற வேலையை அதுவே செய்கிறது என்று 2022-ல் கண்டுபிடித்தார்கள். கதவு திறப்பவர் மாறினாலும் மேஸ்திரி மாறவில்லை.

சரி, சாக்ஸ்-9 என்ன செய்கிறது? மேட்டில் உள்ள தாங்கு செல்களை செர்டோலி செல்களாக மாற்றுகிறது. 1865-ல் இத்தாலியர் என்ரிக்கோ செர்டோலி விவரித்த செல்கள் இவை. இவை கைகோத்து நின்று, ஊர்ந்து வந்த விந்தணு மூலச் செல்களை நடுவில் வைத்து வளைத்துக்கொள்கின்றன. ஏழாவது வாரத்தில் மேட்டுக்குள் கயிறு கயிறாகக் கட்டமைப்பு தெரிய ஆரம்பிக்கும். அப்போதுதான் முதல்முறையாக, 'இது விதை' என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்.

பெண் கருவில் இந்தக் கதவு திறப்பதில்லை. அதனால் 'பெண் என்பது சும்மா விட்டால் தானாக வருவது' என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மைதான். சினைப்பையைக் கட்டவும் தனிப் புரதங்கள் பாடுபடுகின்றன. ஃபாக்ஸ்-எல்-2 என்று ஒன்று. வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் இதை நிறுத்தியபோது அங்குள்ள செல்கள் செர்டோலி செல்கள் மாதிரி மாறத் தொடங்கின. பெண்மையும் ஆயுசு பூராவும் காவல் காத்து நிலைநிறுத்தப்படுவதுதான். ஆண் வராத இடத்தில் மிச்சமாக வந்தது அல்ல. 'ரெண்டும் பொண்ணாப் போச்சு' என்று சலித்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இரண்டு கட்டளைகள்

விதை உருவானதும் அது இரண்டு சேதிகளை அனுப்புகிறது. இதைக் கண்டு சொன்ன கதை சுவாரஸ்யமானது. 1947-ல் பிரான்சில் அல்ஃப்ரெட் ஜோஸ்ட் என்ற விஞ்ஞானி, தாய் முயலின் வயிற்றுக்குள் இருக்கும் கருக்குட்டிகளுக்கு அறுவை செய்து அவற்றின் விதைமூலத்தை நீக்கினார். அந்தக் காலத்தில் அதைச் செய்ய எவ்வளவு கைப்பக்குவம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். அப்படிச் செய்த குட்டிகள் எல்லாம், ஒய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருப்பையோடும் பெண்ணுறுப்போடும் வளர்ந்தன. விதைக்குப் பதிலாக ஆண் ஹார்மோனை வைத்துப் பார்த்தார். வுல்ஃப் குழாய் பிழைத்தது. ஆனால் முல்லர் குழாயும் மறையாமல் நின்றது. ஆகவே அதை மறைய வைக்க விதையில் வேறொரு பொருள் இருக்கவேண்டும் என்றார்.

அந்த வேறொரு பொருள்தான் ஏ.எம்.ஹெச். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையில்லாத பெண்களுக்கு 'முட்டை இருப்பு எவ்வளவு' என்று பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கிறார்களே, அதே ஏ.எம்.ஹெச்.! வளர்ந்த பெண்ணுக்குச் சினைப்பையில் சுரக்கும் இந்தப் புரதம், ஆண் கருவில் எட்டாவது வாரத்தில் செர்டோலி செல்களில் இருந்து சுரந்து, கருப்பையாக வேண்டிய குழாயைக் கரையவைக்கிறது. இது சுரக்காமலோ, சுரந்தும் வேலை செய்யாமலோ போனால், மற்ற எல்லாவற்றிலும் ஆணாகப் பிறந்த பையனுக்குள் ஒரு சின்னக் கருப்பை இருக்கும். குடலிறக்கத்துக்கு அறுவை செய்யும்போது எதேச்சையாகக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது கட்டளை டெஸ்டோஸ்டிரோன். இது புரதம் அல்ல, கொழுப்பில் இருந்து செய்யப்படுவது. ஆனால் செய்கிறவை புரதங்கள்தான். லேடிக் செல்களில் இருக்கும் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொலஸ்டிராலை வெட்டித் திருத்தி இதைத் தயாரிக்கின்றன. இந்தச் செல்களைத் தூண்டுவது எது தெரியுமா? தாயின் வயிற்றில் நஞ்சு சுரக்கும் ஹெச்.சி.ஜி. வீட்டில் சிறுநீர் விட்டுப் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோட்டைக் காட்டுவதும் இதேதான்.

டெஸ்டோஸ்டிரோன் வுல்ஃப் குழாயைக் காப்பாற்றுகிறது. வெளியுறுப்புக்கு வரும்போது அங்குள்ள ஒரு நொதி அதை இன்னும் வீரியமான டி.ஹெச்.டி.யாக மாற்றுகிறது. ஆண்குறியையும் விதைப்பையையும் உருவாக்குவது அதுதான். எட்டாவது வாரத்தில் இருந்து பதினான்காவது வாரம் வரை இதற்கு முக்கியமான காலம்.

உங்கள் வீட்டில் யாராவது முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா? அது டி.ஹெச்.டி. உண்டாகாமல் தடுக்கும் மாத்திரை. உடைந்த, பொடியான மாத்திரையைக் கர்ப்பிணிப் பெண் கையால்கூடத் தொடக்கூடாது. கணவரின் மருந்துப் பெட்டியை மனைவி எடுத்து அடுக்குகிற நாட்டில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாட்டுக்கன்று சொல்லும் பாடம்

மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளைக்கன்றும் ஒன்று கிடாரியுமாக இருந்தால், அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் மலடாகிவிடும். காரணத்தை அமெரிக்காவில் ஃபிராங்க் லில்லி 1916-ல் விளக்கினார். மாட்டில் இரண்டு கருக்களின் நஞ்சும் ஒட்டி, இரத்தக்குழாய்கள் சேர்ந்துகொள்கின்றன. ஆண் கன்றின் விதை அனுப்புகிற ஏ.எம்.ஹெச். போன்றவை பெண் கன்றுக்கும் போய், அதன் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. அந்தக் கிடாரி காளையாக மாறிவிட்டதா? இல்லை. பெண்ணாகவே இருந்து, கருப்பை குறைந்து, மலடாகி நிற்கிறது. சுரக்கக்கூடாத இடத்தில், சுரக்கக்கூடாத நேரத்தில் ஒரு பொருள் போனால் பால் மாறாது, குறைதான் மிஞ்சும்.

(மனித இரட்டையரைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டைக் குழந்தைகளுக்கு இப்படி நேர்வதில்லை.)

அந்த மாமியார் கொண்டுவந்த பொட்டலத்துக்கு என் பதிலும் இதுதான். ஹரியானாவில் இப்படிப்பட்ட ஆண் குழந்தை மருந்துகளைப் பற்றி ஆய்வுகள் நடந்தன. சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளிடம் பிறவிக்குறைகளும், குழந்தை இறந்தே பிறப்பதும் அதிகம் காணப்பட்டன. அந்த மருந்துகளைப் பிரித்துப் பார்த்தபோது பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் தாவரப் பொருள்கள் இருந்தன. ஆண் குழந்தைக்கென்று கொடுக்கும் மருந்தில் பெண் ஹார்மோனைப் போன்ற சரக்கு! கருவின் பாலை மாற்றுவதாகச் சொல்லி மருந்து விற்கக்கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலேயே இருக்கிறது. கருவில் பாலைத் தேர்ந்தெடுப்பதையும் கண்டறிந்து சொல்வதையும் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்துவிட்டது. சித்த மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் துறையைச் சேர்ந்த யாராவது உங்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கதவு திறந்தும் திறக்காமலும் போகும் குடும்பங்களும் உண்டு. மிக அபூர்வமாக, எஸ்.ஆர்.ஒய். தந்தையின் ஒய் குரோமோசோமில் இருந்து எக்ஸுக்குத் தாவிவிடும். அப்போது இரண்டு எக்ஸ் கொண்ட ஆண் பிறப்பார். குழந்தையில்லை என்று பரிசோதனைக்குப் போகும்வரை அவருக்கே தெரியாது. அதே மரபணு பழுதானால், ஒய் இருந்தும் கருப்பையோடு ஒரு பெண் பிறப்பாள். அவள் பெண்தான். ஆனால் வயதுக்கு வரமாட்டாள். பதினைந்து வயது முடிந்தும் மகள் பூப்படையவில்லை என்றால் எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அவை நல்ல உணவுதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. மகளிர் மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ காட்டுங்கள். இப்படிப் பிறந்த பெண்களின் வளர்ச்சியடையாத சினைப்பையில் பின்னால் கட்டி வரக்கூடும் என்பதால் நாள் கடத்துவது ஆபத்து.

இறங்கி வரும் பயணம்

இனிமேல் சொல்லப்போவது என் தவறு.

விதை உருவாகும் இடம் வயிற்றின் உள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அது இருக்க வேண்டிய இடமோ வெளியே, பையில். யானைக்கு ஆயுள் முழுக்க வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, குறையொன்றும் இல்லை. மனிதனுக்கு விந்தணு உண்டாக உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கவேண்டும். அதனால் விதை இறங்கி வர வேண்டியிருக்கிறது.

முதல் கட்டத்தை நடத்துவது ஐ.என்.எஸ்.எல்.-3 என்ற புரதம். இன்சுலினுக்குத் தூரத்துச் சொந்தம். லேடிக் செல்களில் இருந்தே சுரக்கிறது. விதையைக் கீழே கட்டிவைத்திருக்கும் ஒரு தசைநாரை இது தடிக்கவைத்து, விதையை அடிவயிறு வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. நான்காவது மாதத்துக்குள் இது முடிந்துவிடும். அப்புறம் ஒரு நீண்ட ஓய்வு. ஏழாவது மாதத்தில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் பொறுப்பேற்று, தொடையிடுக்கு வழியாகப் பைக்குள் இறக்குகிறது. அதனால்தான் குறைமாதத்தில் பிறந்த பையன்களில் நூற்றுக்கு முப்பது பேர் வாக்கில் விதை இறங்காமல் பிறக்கிறார்கள். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர். பிறந்த சில மாதங்களில் குழந்தைக்கு ஹார்மோன் ஒருமுறை கூடும். அந்த வேகத்தில் பலருக்கு இறங்கிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது.

1997-ல், நான் வைத்தியம் ஆரம்பித்த புதிதில், ஒரு தாய் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் பை காலியாக இருந்தது. நான் என்ன செய்தேன்? சித்த மருத்துவத்தில் கீழ்நோக்கி இயங்கும் வாயு அபானன். அது சீரானால் விதை இறங்கிவிடும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். எந்த நூலிலும் அப்படிச் சொல்லவில்லை. தடவ ஓர் எண்ணெய் கொடுத்து, "வளர வளர இறங்கிடும்மா, பயப்படாதே" என்று அனுப்பிவிட்டேன். அவளும் நிம்மதியாகப் போனாள்.

2022-ல் ஓர் இளைஞன் வந்தான். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தையில்லை. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்று ரிப்போர்ட். ஸ்கேனில் இரண்டு விதையும் தொடையிடுக்குக்கு மேலே, சுருங்கி. விந்து ஊற லேகியம் கேட்டு வந்திருந்தான். கூட வந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்கதான் அப்போ எண்ணெய் குடுத்தீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. பழைய வைத்தியரைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னாள்.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அன்று நான் சொன்னது தப்பு, உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பியிருக்கவேண்டும் என்று அவனிடமே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப என்ன பண்றது ஐயா?" என்று கேட்டான். லேகியம் கொடுக்கவில்லை. சிறுநீரக அறுவை மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். குழந்தைக்காக மட்டுமல்ல. இறங்காத விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். 2007-ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மற்ற ஆண்களைவிட அந்த வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் என்றும், அதற்குப் பிறகு செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல் என்றும் தெரிந்தது.

உடம்புச் சூட்டில் கிடக்கும் விதையில் விந்தணு மூலச் செல்கள் ஒரு வயதுக்கு மேல் குறைந்துகொண்டே போகின்றன. ஆறாவது மாதத்தில் இருந்து ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இறங்காத விதையை இறக்கும் எண்ணெய், சூரணம், லேகியம் எதுவும் என் துறையில் கிடையாது. இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

குளிப்பாட்டும்போது பாருங்கள்

நம் வீடுகளில் குழந்தையை டாக்டரைவிட அதிகமாகப் பார்ப்பது குளிப்பாட்டுகிற பாட்டிதான். காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றுகிறாரே, அந்த நேரம்தான் விதையைப் பார்க்கச் சரியான நேரம். குளிரில் விதை மேலே ஏறிக்கொள்ளும், வெதுவெதுப்பில் கீழே இறங்கும். வெந்நீர் ஊற்றிய பின் இரண்டு பக்கமும் பையில் பட்டாணி போல, மெத்தென்று தட்டுப்படுகிறதா என்று விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அழுத்தவோ கீழே இழுக்கவோ கூடாது. குளிக்கும்போது இருந்து, மற்ற நேரம் மேலே போனால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் வருஷம் ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு விதையுமே தட்டுப்படவில்லை என்றால், அல்லது விதை இல்லாததோடு சிறுநீர்த் துவாரமும் நுனியில் இல்லாமல் அடியில் இருந்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. பார்க்க ஆண் போலத் தெரியும் அந்தக் குழந்தை, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறு உள்ள பெண் குழந்தையாக இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே உடம்பில் உப்பு குறைந்து உயிருக்கு ஆபத்தாகும்.

ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் தேதி போட்டுத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். 14-வது வார ஊசிக்குப் போகும்போது அதைக் காட்டிக் குழந்தை மருத்துவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முடிந்தும் வரவில்லையென்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அப்போதே அழைத்துப் போங்கள், ஒன்பதாம் மாத ஊசி வரை தள்ளிப்போட வேண்டாம்.